தேக்கில் செதுக்கிய லூர் ஏன் சுழல்கிறது: மரம், ஈயம், நாக்கு

மார்த்தாண்டத்திலிருந்து வந்த கேள்வி இது: "10 சென்டிமீட்டர் நீளத்தில் தேக்குத் துண்டில் ஒரு மின்னோ, அதாவது சிறுமீன் வடிவ லூர் (தூண்டிலில் கட்டும் செயற்கை இரை) செதுக்கினேன். பெயின்டும் எப்பாக்ஸி மேல்பூச்சும் அடித்தபின் கடையில் வாங்கியது போலவே இருந்தது. தண்ணீரில் போட்டால் மெல்ல மூழ்கி ஒருபக்கமாகச் சாய்கிறது. நூலை வேகமாகச் சுற்றி இழுத்தால் பம்பரமாகச் சுழல்கிறது. ஏற்கெனவே மூழ்குகிறதே என்று ஈயம் வைக்கவில்லை. எங்கே பிழை? குளத்து விராலுக்கும் மணக்குடிப் பொழிமுகத்து (ஆறு கடலில் கலக்கும் இடம்) கொடுவா மீனுக்கும் வீட்டிலேயே செய்ய என்ன வழி?"

பெயின்டில் ஒரு குறையும் இல்லை, அதை அடித்த நேரம்தான் தப்பு. லூர் நீந்துமா நீந்தாதா என்பதை மரத்தின் கனமும், ஈயம் உட்காரும் இடமும், மூக்கடியில் நீட்டும் தகடான நாக்கின் சாய்வும் தீர்மானிக்கின்றன. மூன்றும் சரியான பிறகுதான் பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டும். பெரும்பாலானோர் அழகாக முடித்துவிட்டுத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார்கள். அப்போது திருத்த இடமே இருக்காது.

உங்கள் அளவையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 செ.மீ. நீளம், 2.2 செ.மீ. உயரம், 1.6 செ.மீ. பருமன், இருபுறமும் ஒடுங்கிய மீன் வடிவம் என்றால் கன அளவு ஏறத்தாழ 18 கன சென்டிமீட்டர் வரும். அதாவது நல்ல தண்ணீரில் அது 18 கிராம் தண்ணீரை விலக்கும். லூரின் மொத்த எடை அதற்குக் கீழே இருந்தால் மிதக்கும், மேலே போனால் மூழ்கும். மரம் தவிர்த்த எடையைக் கூட்டுங்கள்: 4ஆம் நம்பர் ட்ரெபிள் (மும்முனைக் கொக்கி) இரண்டு சுமார் 3 கிராம், அவற்றை மாட்டும் ஸ்பிளிட் ரிங் இரண்டு 0.6, உள்கம்பி 1.5, நாக்கு 0.8, சீலரும் (மரத்தின் துளைகளை அடைக்கும் பூச்சு) பெயின்டும் எப்பாக்ஸியும் 1.2. ஆக 7 கிராம் சொச்சம். தேக்கின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.65 கிராம் அளவில் இருக்கும். 18 கன செ.மீ. தேக்கு 11.7 கிராம். மொத்தம் 18.8. ஈயம் வைக்கும் முன்பே எல்லை தாண்டியாயிற்று. ஈயம் இல்லாததால் அடிவயிற்றில் கனமும் இல்லை, ட்ரெபிள்தான் ஒரே நங்கூரம். சாய்வதும் சுழல்வதும் இதனால்தான்.

அடர்த்தி 0.4 உள்ள மரமாக இருந்தால் மரம் 7.2 கிராம், மொத்தம் 14.3. அடிவயிற்றில் 2.5 கிராம் ஈயம் வைத்தால் 16.8 ஆகிறது. 1.2 கிராம் மிதப்பு மிச்சம். இழுப்பதை நிறுத்தினால் லூர் மெதுவாக மேலே எழும்பும். கொடுவா பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் அடிக்கும். இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். கடல்நீர் நல்ல தண்ணீரைவிட 2.5 சதவீதம் கனமானது. அதே லூருக்குக் கடலில் 0.45 கிராம் மிதப்பு கூடும். குளத்தில் அந்தரத்தில் நிற்கும்படி நுணுக்கமாகச் செய்தது பொழிமுகத்தில் மேலே வந்துவிடும். மழைக்காலத்தில் ஆற்றுத்தண்ணீர் மேலடுக்காகப் போகும்போது அதே இடத்திலேயே கணக்கு மாறும். பொழிக்குச் செய்வதைப் பொழித் தண்ணீரிலேயே சோதிப்பது இதற்காகத்தான்.

கன அளவைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் வேண்டாம். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற 0.1 கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு போதும். தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். சீலர் பூசிய மரத்தை ஊசியால் குத்தி, டம்ளரைத் தொடாமல் முழுவதும் அமிழ்த்துங்கள். தராசு காட்டும் கிராம்தான் கன செ.மீ. அளவு. இந்த எண் கையில் இருந்தால் ஈயத்தைக் குருட்டாம்போக்கில் வைக்க வேண்டியதில்லை.

மரத்துக்கு நம் குமரி மாவட்டத்தில் பஞ்சமில்லை. நல்லமிளகுக் கொடி படரவிடும் முள்ளுமுருக்கு மிக லேசு; செதுக்க சுகம், ஆனால் கொக்கி பட்டாலே பள்ளம் விழும், தண்ணீர் குடிக்கும். குளத்துக்குச் சிறிய லூர் செய்யலாம், பாறைப் பக்கம் வேண்டாம். ஏழிலம்பாலை 0.4 அளவில் வரும். இழை நேராக இருக்கும், மின்னோவுக்கு இதைத்தான் முதலில் தேடுங்கள். அயனி 0.55 பக்கம் வரும். அதில் உங்கள் அளவு மின்னோ செய்தால் ஈயத்துக்கு ஒரு கிராம்தான் மிஞ்சும், ஆனால் பாரை மீனுக்குப் பாப்பர் (நீர்மேல் தெறித்து ஓடும் லூர்) செய்ய அயனியைப் போல் உறுதியானது கிடைக்காது. ரப்பர் மரமும் கனம்தான். போதாததற்குப் பூஞ்சையும் உளுவும் சீக்கிரம் பிடிக்கும். எதுவானாலும் வெட்டி நிழலில் நன்கு காய்ந்த துண்டு வேண்டும். மரம் அறுக்கும் மில்லில் கிடக்கும் கழிவுத்துண்டே ஏராளம். ஈரமரத்தில் பூசிய எப்பாக்ஸி வெயிலில் கொப்புளம் கட்டுவது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே தள்ளுவதால்தான்.

வெட்டும் வரிசைக்கு வருவோம். இதில்தான் பாதிப்பேர் சறுக்குகிறார்கள். முதலில் உடலைச் செதுக்கிவிட்டுப் பிறகு நாக்குக்குப் பிளவு போட்டால் அது நேராக வரவே வராது. கட்டை சதுரமாக இருக்கும்போதே எல்லா வெட்டும் முடிந்துவிட வேண்டும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் மீன் வடிவத்தை வெட்டி வைத்துக்கொண்டு கட்டையின் பக்கவாட்டில் வரையுங்கள். மேல், கீழ், முன், பின் நான்கு முகத்திலும் நடுக்கோடு போடுங்கள். மூக்கடியில் நாக்குப் பிளவை ஹாக்ஸா பிளேடால் அறுங்கள். பிறகு வயிற்றுப்பக்கம் மூக்கிலிருந்து வால்வரை 12 மி.மீ. ஆழத்துக்கு ஒரு நேர்வெட்டு, உள்கம்பி போவதற்கு. இதற்குப் பிறகுதான் கத்தி. 120, 240, 400 என்று மணல்தாள் போட்டு முடியுங்கள். பென்சில் நடுக்கோடு கடைசிவரை அழியாமல் இருக்கட்டும், இருபக்கமும் சமமா என்று பார்க்க அதைவிட்டால் வேறு அடையாளம் இல்லை.

கம்பி 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ். மூக்கில் ஒரு வளையம், வயிற்றில் ஒரு வளையம், வாலில் ஒரு வளையம், மூன்றும் ஒரே கம்பியில். முனைகளை மூன்று நான்கு சுற்று இறுக்கிச் சுற்றிவிடுங்கள். திருகாணிக் கொக்கியை மரத்தில் திருகிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். விராலுக்குப் போதும். கொடுவா தலையை உதறும்போது லேசான மரத்திலிருந்து திருகாணி பிடுங்கிக்கொண்டு போகும். உள்கம்பி இருந்தால் மரமே உடைந்தாலும் மீன் நூலில் இருக்கும். பிளவின் அடிவரை கம்பியை அமுக்கி அரால்டைட் போன்ற மெதுவாக இறுகும் பசையை நிரப்பி, மேலே அதே மரத்தின் தூளைத் திணித்துத் தேய்த்துவிடுங்கள்.

நாக்குக்குப் பழைய சிடி. அது 1.2 மி.மீ. பாலிகார்பனேட். மேலிருக்கும் பளபளப்புப் படலத்தை ஒட்டுநாடா வைத்து உரித்துவிட்டு, சுடுதண்ணீரில் கொஞ்சம் நனைத்து வெட்டினால் விரிசல் விடாது. 12 செ.மீ.க்கு மேற்பட்ட லூருக்கு 2 மி.மீ. பாலிகார்பனேட் தகடு வேண்டும். அக்ரிலிக் வேண்டாம், முதல் பாறையிலேயே ஒடியும். உங்கள் அளவுக்கு நாக்கு வெளியே நீட்டுவது 1.5 முதல் 2 செ.மீ., அகலம் 1.6 செ.மீ. போதும். உடலின் கோட்டோடு ஒட்டிப் படுத்தாற்போல் நீட்டினால் ஆழம் போகும். உடலுக்குச் செங்குத்தாகத் தொங்கினால் மேல்மட்டத்திலேயே ஓடும். பொழிமுகத்தில் ஆழம் குறைவு, அடியில் மண்திட்டு. 45 டிகிரிக்குக் குறைத்துப் படுக்க வைக்காதீர்கள், மண்ணைத்தான் உழும். நாக்கை இப்போதே ஒட்டிவிட வேண்டாம். பிளவில் இறுக்கமாகச் செருகி சோதித்துப் பார்த்து, சரியான பிறகு ஒட்டலாம்.

இரண்டு கை சீலர் அடித்துக் காய்ந்ததும் ட்ரெபிள், ரிங் எல்லாம் மாட்டி வாளியில் போடுங்கள். வயிற்று வளையத்தில் ஈயக்கம்பியைச் சுற்றிச் சுற்றி எடையைக் கூட்டுங்கள். முதுகு மட்டும் 2, 3 மி.மீ. வெளியே தெரிய, ஏறக்குறைய கிடைமட்டமாக நிற்க வேண்டும். கவிழ்த்துப் போட்டு விட்டால் உடனே நிமிர வேண்டும்; யோசித்து யோசித்து நிமிர்ந்தால் ஈயம் போதாது. திருப்தியானதும் சுற்றிய ஈயத்தை நிறுத்துப் பாருங்கள். 2.5 கிராம் என்றால், வயிற்று வளையத்துக்குச் சற்றுப் பின்னால் 6 மி.மீ. டிரில் பிட்டில் 8 மி.மீ. ஆழத் துளை போட்டால் அவ்வளவு ஈயமும் அடங்கும். கம்பி 12 மி.மீ. ஆழத்தில் கிடப்பதால் பிட் அதில் முட்டாது. ஈயத்தை நடுவயிற்றுக்கு மேலே கொண்டுபோனால் பலன் பாதியாகும். வால்பக்கம் தள்ளினால் வீசும்போது தூரம் போகும், ஆனால் ஆட்டம் செத்துவிடும். காற்று எதிரே அடிக்கிற கடற்கரைக்கு வேண்டுமானால் அந்த விட்டுக்கொடுப்பு சரி.

இந்த இரண்டு கிராமுக்காக ஈயம் உருக்க உட்காராதீர்கள். குளச்சலிலும் மற்ற ஊர்களிலும் வலைக்கடையில் வலையடியில் கோக்கும் ஈயமணி கிடைக்கும். அதை வெட்டிச் சுத்தியலால் தட்டித் துளைக்குள் அடைத்து மேலே பசை போட்டால் தீர்ந்தது. உருக்கியே ஆகவேண்டிய ஜிக் தலைகளுக்கு (கொக்கியோடு சேர்த்து வார்த்த ஈயத்தலை): வெளியே, காற்றோட்டமான இடத்தில், சமையலுக்குத் திரும்பாத பாத்திரத்தில். ஈயம் 327 டிகிரியில் உருகும். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தால் அந்தத் தண்ணீர் சட்டென ஆவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கும். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். ஈயத்தை அரத்தால் ராவினாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

இனி இழுத்துப் பார்ப்பது. வாளி போதாது, நீளமான தொட்டி அல்லது கால்வாய் வேண்டும். நூலை மூக்கு வளையத்தில் இறுக்கி முடிச்சுப் போடாமல் ஒரு ஸ்னாப்பிலோ (திறந்து மூடும் சிறு கொளுவி) தளர்முடிச்சிலோ மாட்டுங்கள். இறுக்கிய முடிச்சே பல லூர்களின் ஆட்டத்தைக் கொன்றிருக்கிறது. எப்போதும் இடதுபக்கம் ஓடினால், மூக்கை உங்களை நோக்கிப் பிடித்துக்கொண்டு வளையத்தை வலதுபக்கம் மயிரிழை வளையுங்கள். அரை மில்லிமீட்டரே அதிகம். வளைத்தும் தீராவிட்டால் நாக்கு கோணலாக இருக்கிறது. மெதுவாக இழுத்தால் நன்றாக ஆடி, வேகத்தில் சுழன்றால் நாக்கு பெரிது; ஒரு பக்கத்துக்கு ஒரு மி.மீ. அரத்தால் குறைத்துக்கொண்டே சோதியுங்கள். ஆடவே ஆடாமல் குச்சியாக வந்தால் ஈயம் அதிகம், அல்லது நாக்கு சிறிது. நாக்கை வெட்டிக் குறைக்கலாம், வளர்க்க முடியாது என்பதால் எப்போதும் பெரிதாகவே தொடங்குங்கள்.

பெயின்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கொசுவலைத் துண்டைச் சுற்றி அதன் மேல் ஸ்ப்ரே அடித்தால் செதில் வரும், அலுமினிய ஒட்டுநாடா சாளையின் வெள்ளியைத் தரும். கலங்கல் தண்ணீரில் கருப்பு அல்லது பளிச்சென்ற மஞ்சள்பச்சை, தெளிந்த தண்ணீரில் வெள்ளி, மடவையின் சாம்பல். இதற்கு மேல் நிறத்தைப் பற்றி நடக்கும் சண்டையெல்லாம் மீன் பிடிக்காத நாளின் பொழுதுபோக்கு. எப்பாக்ஸியில்தான் கவனம் வேண்டும். கலவை விகிதம் கன அளவிலா எடையிலா என்று டப்பாவைப் பார்த்துவிட்டு அளக்க வேண்டும். கண்ணளவில் கலந்தால் பிசுபிசுப்பு போகவே போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசினால் காற்றின் ஈரத்தால் மேலே வெள்ளைப் படலம் கட்டும். மெல்லிதாக இரண்டு கை, முதல் ஒரு மணிநேரம் அடிக்கடி தலைகீழாகத் திருப்பித் தொங்கவிடுங்கள். இல்லையெனில் வாலில் ஒரு கொம்பு தொங்கும், அதுவும் எடைதான். முக்கியமாக, நாக்கு மரத்தில் நுழையும் இடத்தைச் சுற்றிப் பசை முழுதாக அடைந்திருக்க வேண்டும். தண்ணீர் முதலில் புகுவது அங்கேதான். மரம் ஊதினால் மேல்பூச்சு நீளவாக்கில் விரியும்.

விராலுக்கு மின்னோ வேண்டியதில்லை. தாமரையும் பாசியும் மண்டிய நம் குளங்களில் ட்ரெபிள் போட்டால் களைதான் வரும். தவளை செய்யுங்கள். பழைய வலை மிதப்போ ரப்பர் செருப்போ, 5 செ.மீ. நீளம், முன்னால் ஒடுக்கம். இரட்டைக் கொக்கியை முனைகள் முதுகுப்பக்கம் வருமாறு பதித்து, முனைகள் படுக்க இரு சின்ன வாய்க்கால் வெட்டுங்கள். கடையில் விற்கும் தவளை உள்ளே காற்றோடு அமுங்கும், அதனால் கொக்கி வெளியே வரும். நம் செருப்புத் தவளை அமுங்காது. ஆகவே உடலின் பருமன் கொக்கியின் வாயைவிடச் சிறியதாக இருக்கட்டும், முனை 2 மி.மீ. மேலே தெரியட்டும். இதைச் செய்யாவிட்டால் விரால் அடிக்கும், கடிக்கும், துப்பிவிட்டுப் போகும். பின்வயிற்றில் ஒரு ஈயமணி பதித்தால் எப்படி விழுந்தாலும் நிமிரும்.  கால்களுக்கு பலூனை மெல்லிய நாடாவாகக் கத்தரித்துக் கட்டலாம். விரால் அடித்ததும் வெட்டி இழுக்காதீர்கள், நூல் கனப்பதை உணர்ந்த பிறகு இழுங்கள். சிவப்புக் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியில் காவல் நிற்கும் மீன் எதைப் போட்டாலும் பாயும். அதைப் பிடித்தால் குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்கு இரை. விட்டுவிடுங்கள்.

சீலாவுக்கும் நெய்மீனுக்கும் ஸ்டெயின்லெஸ் கரண்டியில் செய்யும் லூர்தான் மலிவு. கரண்டி ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் எடைக்குக் கிடைக்கும். காம்பை வெட்டி இரு முனையிலும் 3 மி.மீ. துளை, எண்ணெய் விட்டு மெதுவான வேகத்தில். வேகமாகச் சுற்றினால் ஸ்டீல் இறுகிப் பிட் மழுங்கும். விளிம்பை அரத்தால் மழுக்காவிட்டால் நூலை அதுவே அறுக்கும். முன்னால் ஸ்விவல் (தானே சுழலும் இணைப்பு) கட்டாயம், இல்லாவிட்டால் நூல் முறுக்கேறும். 20 செ.மீ. எஃகுக் கம்பி லீடரும் (நூலுக்கும் லூருக்கும் நடுவில் கட்டுவது) வேண்டும், அந்தப் பல்லுக்கு நைலான் நிற்காது.

முட்டம் பாறையிலும் கடலரிப்புத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுகளிலும் ட்ரெபிளுக்குப் பதில் ஒற்றைக் கொக்கி மாட்டினால் கல்லில் சிக்குவது பெருமளவு குறையும். எடை மாறுவதால் மறுபடி மிதக்கவிட்டுப் பாருங்கள். கள்ளக்கடல் (தொலைவிலிருந்து திடீரென வரும் பேரலை) எச்சரிக்கை வந்த நாளில் அந்தக் கற்களில் ஏறவே வேண்டாம். அந்த அலை காற்றில்லாத, அமைதியான நேரத்திலும் வரும். குளங்கள் பலவும் மீன்குத்தகையில் இருப்பவை, கேட்டுவிட்டுப் போடுங்கள். சுசீந்திரம் தேரூர் பறவைகளின் இடம், நூல் துண்டும் கொக்கியும் அங்கே பறவையின் காலில்தான் முடியும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளுக்கும் அனுமதி கேட்டாக வேண்டும்.

மற்றவர்களோடு குறிப்பு மாற்றிக்கொள்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "என் லூர் ஆடல, என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. நீளம், உயரம், பருமன், மொத்த எடை, எந்த மரம், ஈயம் எவ்வளவு, மூக்கிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி, நாக்கின் நீள அகலம், இவ்வளவும் எழுதுங்கள். தண்ணீரில் சும்மா நிற்கும்போது பக்கவாட்டில் ஒரு படம், மெதுவாகவும் வேகமாகவும் இழுக்கும் இரு சிறு வீடியோ. சாய்கிறதா, சுழல்கிறதா, ஒருபக்கம் ஓடுகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள், மூன்றுக்கும் காரணம் வேறு. பதில் தருகிறவரிடமும் ஒன்று கேளுங்கள்: அவர் சோதித்தது எந்தத் தண்ணீரில்? குளத்துக்காரர் சொன்ன எடையைப் பொழிக்காரர் அப்படியே எடுத்தால் 0.45 கிராம் கதைதான் திரும்ப வரும்.

லூரையே கைமாற்றினால் அதோடு எக்ஸ்ரே ஃபிலிம் அச்சையும் கொடுத்துவிடுங்கள், அதில்தான் அளவு முழுவதும் இருக்கிறது. கடைசி எப்பாக்ஸிக்கு முன் வயிற்றில் பென்சிலால் எடையையும் ஈய அளவையும் எழுதிவிட்டால் பூச்சுக்கடியில் அழியாமல் நிற்கும். மீன் பட்ட விவரம் சொல்லும்போது இடத்தின் பெயரைவிட வேலியேற்றமா வற்றமா (கடல்நீர் ஏறுகிறதா இறங்குகிறதா), தண்ணீர் தெளிவா கலங்கலா, எவ்வளவு ஆழம், இழுத்து எத்தனை நொடி நிறுத்தினார் என்பவைதான் அடுத்தவருக்குப் பயன்படும். இடத்தைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்கிறவரைக் கஞ்சன் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் தேக்கு லூரைத் தூக்கி எறிய வேண்டாம். நாக்கைப் பிடுங்கிப் பிளவை அடைத்து, வால்பக்கம் 4 கிராம் ஈயம் ஏற்றுங்கள். தூண்டில் கோலை இடைவிட்டு அசைத்து இழுக்கும் மூழ்கு குச்சியாக அது தூண்டில் வளைவில் நன்றாகத் தூரம் போகும்.